நாய்க் காதில் நல்லெண்ணெய்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு இளம் டாக்டர்கள் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். ‘பணியில் நான் கண்ட இன்பம்’ என்று தலைப்பைக்கூட அவர்களே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். இன்பத்துக்கு நான் எங்கே போவேன்? மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்த காலம் முழுவதும் நான் கண்டது அவற்றை வளர்த்தவர்களோடு போட்ட சண்டைதான்.

அவர்களில் ஒருவர், கண்ணாடி போட்டவர், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “நாய்க்குக் காது கேக்குதா இல்லையான்னு பார்க்க வெளிநாட்டுல மிஷின் வந்துடுச்சாம் சார். உங்க காலத்துல எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“வாயை மூடிக்கிட்டுக் கண்டுபிடிச்சோம்” என்றேன்.

தன்னைத்தான் அடக்குகிறேன் என்று நினைத்துப் பாவம் அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. நான் சொன்னதோ உண்மையான பதில். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். தலைப்பை நானே வைத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்போது எங்களுக்குக் குதிரைதான் எல்லாம். அடுத்தது மாடு. நாய் புத்தகத்தின் கடைசியில் வரும். நாயின் காதுக்கென்று ஒரே ஒரு படம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதையும் புரட்டிவிட்டோம். வெளியே வந்ததும் மயிலாப்பூருக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில் இருந்த சின்ன மாட்டாஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடிகிற சமயம். வாசலில் ஜட்கா வண்டிக் குதிரைகளும் பால்கார எருமைகளும் நிற்கும். நாயைக் கொண்டுவருகிறவர்கள் மாட்டாஸ்பத்திரிக்கு வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பின்பக்கமாக வருவார்கள்.

மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, தியாகராய நகர் என்று பெயர் வைத்து, வீடுகள் ஒன்றிரண்டாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலைந்து காலி மனையும் முள்ளும் புதரும். திருட்டு பயம். வீடு கட்டியவர்கள் எல்லாரும் நாய் வாங்கினார்கள். நாய் வாங்கியவர்கள் எல்லாரும் அதன் காதில் எதையாவது செய்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் பெயர் ஞானமுத்து. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவரோடு வேலை செய்வது ஒரு தண்டனை. நாயைப் பார்க்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. பையில் சில்லறையோ சாவியோ இருந்தால் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். நாயைப் பார்த்ததும் எல்லாருக்கும் தானாக வருகிற ‘ச்சு ச்சு’ அங்கே கூடாது. கத்தரி, இடுக்கி வைக்கும் தட்டில் நாலாக மடித்த துணி விரித்திருக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் துணியில்லாத தட்டில் இடுக்கியை வைத்துவிட்டேன்.

“அது உனக்கு டங்னு ஒரு சத்தம். அதுக்குக் காதுகிட்டக் கோயில் மணி அடிச்சா மாதிரி. நமக்குக் கேக்கவே கேக்காத கீச்சுச் சத்தமெல்லாம் அதுக்குக் கேக்கும். நீ ஒரு டாக்டர்தானே?” என்றார். கடைசிக் கேள்வியை அவர் எனக்கு வாரம் தவறாமல் கேட்டு வந்தார்.

நாயை மேஜை மேல் விட்டதும் தொடமாட்டார். பக்கவாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து சும்மா இருப்பார். வெளியே குதிரைக்காரன் கத்திக்கொண்டிருப்பான், எருமை கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும், இவர் நாயின் காது மடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். “வாலை நம்பாதே, அது எல்லாருக்கும் ஆடும். காதைப் பாரு” என்பார். நாயின் மடல் சுவரைப் பார்த்துத் திரும்பும். நானும் சுவரைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வெகு நேரம் கழித்துத்தான் தெருமுனையில் ஜட்கா மணி எனக்குக் கேட்கும். முதலில் எந்த மடல் திரும்பியது, இரண்டும் ஒன்றாகத் திரும்பியதா என்பதை வைத்தே எந்தக் காதில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நாய்க்கு வீட்டில் என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்பார். சொன்னதும், தலையைச் சாய்த்துத் தன் காதைக் காட்டுவார். “அப்படியா? அதையே எனக்கும் செய்யுங்க.” வந்தவர்கள் அசடு வழிந்துகொண்டு பின்வாங்குவார்கள். அதற்குமேல் அவர் பேசவேண்டிய தேவை இருக்காது.

லஸ் பக்கத்திலிருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். தொங்கு காது நாய். அதன் மடலை நறுக்கிவிட வேண்டுமாம். “மடல் மறைச்சுண்டிருக்கு டாக்டர். சத்தம் நேரா உள்ளே போகணுமோன்னோ? எங்காத்துல யார் வந்தாலும் தூங்கிண்டே இருக்கு” என்றார்.

“அது குட்டி, தூங்கத்தான் செய்யும். மடல் மறைக்கிறதுக்கு இல்லே. சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு திருப்பிப் பிடிக்கிறதுக்கு. தூசி, தண்ணி போகாம இருக்கிறதுக்கு” என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுக் கத்தரியை அவரிடமே நீட்டினார். “முதல்லே என் மடலை நறுக்குங்க. சத்தம் நேராப் போகுதான்னு சொல்றேன்.”

மனிதர் கோபித்துக்கொண்டு போனார். போனவர் சும்மா இருந்தாரா? ஒரு நாவிதரைக் கூப்பிட்டு நறுக்கிவிட்டு, அது சீழ் பிடித்ததும் பின்பக்கமாக எங்களிடமே வந்தார். புண் ஆறுகிறபோது தோல் சுருங்கி அந்தக் குட்டியின் ஒரு பக்கக் காதுத் துவாரமே பாதி மூடிக்கொண்டது. சத்தம் நேராகப் போகட்டும் என்று செய்த வேலை இது. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

தீபாவளி வந்தால் வேறு ரகம். வெடிக்குப் பயப்படுகிற நாய் திருடனுக்கும் பயப்படும், அதனால் குட்டியிலேயே பழக்க வேண்டும் என்று தூணில் கட்டிவைத்து அதன் காலடியில் வெடி கொளுத்திய புத்திசாலிகள் அடையாறிலும் இருந்தார்கள், மாம்பலத்திலும் இருந்தார்கள். அப்படிப் பழக்கிய நாய் ஆயுசு முழுவதும் பித்தளைச் சொம்பு உருண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் மூத்திரம் பெய்தது. உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்தித் துணியால் மூடுங்கள், வீட்டு மனிதர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள் என்று வருஷா வருஷம் நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. நாய்க்கு என்ன சார் தெரியும் என்பார்கள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி கூடையிலேயே நாயை வைத்துக்கொண்டு வந்தாள். காதுக்குள் உண்ணி. அதற்குச் சீமெண்ணெய் ஊற்றியிருந்தாள். உள்தோல் வெந்து உரிந்திருந்தது. ஏன் ஊற்றினாய் என்று நான் கத்தியதும் அவள் எனக்குமேல் கத்தினாள்: “இன்னா நைனா, உண்ணி போவணும்னா சீமெண்ணெ ஊத்தாம இன்னா பண்ணுவாங்க? உண்ணி பூட்ச்சா இல்லியா, அத்தச் சொல்லு!” உண்ணி போய்விட்டது உண்மைதான். கத்தியதற்காகப் பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிற்கவைத்துவிட்டு அவரே மருந்து போட்டார்.

இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக் காலம். தியாகராய நகரில் புது வீடுகளுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சப்ளை செய்துகொண்டிருந்த சபாபதி முதலியார் தம் செங்கல் வண்டியிலேயே வந்து இறங்கினார். வண்டியில் ஒரு கோணிப்பை. கோணிக்குள் ஒரு நாய், கழுத்து மட்டும் வெளியே. வாயைத் தாம்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முதலியாரின் வலது கையில் கடிபட்ட இடம். அதில் சுண்ணாம்பை அப்பியிருந்தார். கையில் இருந்த சரக்கையே மருந்தாகப் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

“வெறி புட்ச்சிகிச்சு சார்” என்றார். “வாயில எச்சி ஒழுகுது. தலையை ஒரு பக்கமா சாச்சிகினு வட்டம் போடுது. கூப்ட்டா வர்றதில்லே. கொஞ்ச மாசமாவே குரைக்கறதும் இல்லே, வயசுத் திமிருன்னு வுட்டுட்டேன். நேத்து பின்னாலே போய்ச் சங்கிலியைத் தொட்டேன், புடுங்கிடுச்சு. ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க. எனக்குப் புள்ள குட்டிங்க கீது.”

நாயின் பெயர் டைகர். எங்களிடம் வந்த நாய்களில் பாதிக்குமேல் டைகர்தான்.

நான் ஊசிக்குத் தயாரானேன். வெறிநாய் என்று கொண்டுவந்தால் அப்போது எல்லா இடத்திலும் அதுதான் நடக்கும். பெரிய டாக்டர் என்னைத் தடுத்துவிட்டு, முதலியாரின் கையைச் சோப்புப் போட்டு வெகு நேரம் கழுவச் சொன்னார். பிறகு சொன்னார்: “இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வயித்துல ஊசி ஆரம்பிங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க.”

“நாயைக் கொன்னுட்டாப் போதாதா சார்?”

“நாயைக் கொன்னா உங்க உடம்புக்குள்ளே போனது செத்துடுமா? அது உயிரோட இங்கே இருக்கட்டும். வெறியா இருந்தா பத்து நாளைக்குள்ளே தானே செத்துடும். சாகலேன்னா வெறி இல்லே, உங்க ஊசியும் அதோட நின்னுடும். இப்பக் கொன்னீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க முழு ஊசியும் போட்டுக்கணும்.”

முதலியார் நாயைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். “அப்ப இது சாவக் கூடாதா?” என்றார்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். “டைகர் சாப்ட்டானா? தூங்கினானா? மூஞ்சி தெளிவா கீதா?” பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்பார். கொல்லச் சொன்ன நாய்க்கு ஆட்டெலும்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

கம்பிக் கூண்டுக்கு வெளியே முக்காலியைப் போட்டுப் பெரிய டாக்டர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வைத்தேன், குடித்தது. “தண்ணி குடிக்குதே சார், அப்ப வெறி இல்லே” என்று சொன்னேன். “வெறிநாய் தண்ணி குடிக்காதுன்னு எவன் சொன்னான்? நீ ஒரு டாக்டர்தானே?” என்றார். பிறகு, வாயை மட்டும் பார் என்றார். எச்சில் இடது பக்கம்தான் ஒழுகிற்று. அந்தப் பக்கம் உதடு தளர்ந்து தொங்கியது. தலை சாய்ந்ததும் அதே பக்கம். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துத் துடித்துத் திரும்பின.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்து வாளி நழுவிக் கூண்டுக்குப் பின்னால் விழுந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை, நாயின் மடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சத்தம் பண்ணு. ஆனா கீழே போடாதே. தரை அதிர்ந்தா அதுக்குக் காலால தெரிஞ்சிடும். வாளியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு அடி.”

சுவருக்குப் பின்னால் நின்று தொங்கும் வாளியை இரும்புக் கரண்டியால் அடித்தேன். வாசலில் குதிரைகள் மிரண்டன. முதலியார் காதைப் பொத்திக்கொண்டார். டைகர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் மடலில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

“திமிர் இல்லே. செவிடு. பின்னாலேருந்து தொட்டா யாரும் கடிப்பாங்க. ஆனா இது நான் நினைக்கிறது. பத்து நாள் போகட்டும், யாரும் கிட்டே போகாதீங்க” என்றார் பெரிய டாக்டர். அதுவரை வலிக்கு மாத்திரையைச் சோற்றில் வைத்து நீளக் கோலால் உள்ளே தள்ளினோம்.

பத்து நாள் கழிந்தது. நாய் சாகவில்லை. முதலியாரின் ஊசி நின்றது. அவர் சந்தோஷத்தில் எனக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். நாய்க்கு எலும்பு கொண்டுவருவது அன்றோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் காதைத் தொட்டோம். வாயைத் துணிப்பட்டையால் கட்டி, நான் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். போரிக் பவுடர் கரைத்த வெந்நீரைத் தம் மணிக்கட்டில் விட்டு, சூடா குளிரா என்று தெரியாத பதம் வரும்வரை பெரிய டாக்டர் காத்திருந்தார். இரண்டு காதின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். குச்சியை உள்ளே விடவே மாட்டார். குச்சி விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். விரலில் பஞ்சைச் சுற்றி, தானாக வெளியே வந்ததை மட்டும் துடைத்தார். வந்தது சீழும், பச்சையும் கறுப்புமாகக் களிமண் போல ஒன்றும். நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. அவர் அந்தப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார்.

“சீழ் நாத்தத்தை விடு. அதுக்கு அடியிலே என்ன வாசனை?”

முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்தேன். சனிக்கிழமை காலை என் வீட்டுக் குளியலறை வாசனை. சீயக்காய்.

முதலியாரைக் கேட்டால், “அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும், வூட்ல கேக்கணும்” என்றார். மறுநாள் அவர் மனைவி அலமேலம்மாள் வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றியில் பெரிய பொட்டு. நாய் வீட்டை விட்டுப் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கூண்டைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாயைக் குளிப்பாட்டுறது யாரு?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“நான்தான் சார். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெ தேச்சி வுடுவேன். அவருக்கு, பசங்களுக்கு, கடைசியா இவனுக்கு. ஒரு சனிக்கிழமைகூடத் தவறினது இல்லே.”

ஆண் நாய், அதனால் சனிக்கிழமை. பெட்டையாக இருந்தால் வெள்ளிக்கிழமை தேய்த்திருப்பாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“காதுக்கும் எண்ணெ விடுவீங்களா?”

“வுடாமயா? சூடு இறங்கணுமே. இவன் காதைக் காதைப் பிராண்டினான், தலையை ஒதறினான். உஷ்ணம் ஜாஸ்தியா பூட்ச்சின்னு இன்னும் ரெண்டு கரண்டி சேத்து வுட்டேன்.”

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கன்னத்தை மேஜை மேல் சாய்த்தார். “அதையே எனக்கும் செய்யுங்க” என்றார்.

எல்லாரையும் போல இவளும் பின்வாங்குவாள் என்று நின்றேன். அவள் பின்வாங்கவில்லை. “எண்ணெ கீதா?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் மாட்டுக்குப் புகட்ட வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கொஞ்சம் சூடு காட்டச் சொன்னாள். மருந்து புகட்டும் பாலாடை ஒன்று இருந்தது. அதில் ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அவர் தலையைத் தொடாமலே, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், காது நிறைய ஊற்றினாள். முதலியார் தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் தலையைத் தூக்கப் போனார்.

“ஆடாதீங்க சார். கொஞ்ச நேரம் ஊறணும்” என்று அதட்டினாள்.

அவரை ஒருவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவர் ஆடாமல் கிடந்தார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் கை அவ்வளவு பக்குவமாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு எழுந்து தலையை மறுபக்கம் சாய்த்தார். எண்ணெய் முழுவதும் துண்டில் வழிந்தது. துண்டை அவளிடம் காட்டினார்.

“பாருங்கம்மா. எனக்கு வெளியே வந்துடுச்சு. மனுஷன் காது குறுக்கே போகுது. நாய்க் காது கிணறு மாதிரி நேரா கீழே இறங்கி, அடியிலே உள்பக்கமா திரும்புது. உள்ளே போனது வராது. நீங்க ஊத்தின எண்ணெ அங்கே நின்னுது. தலைக்குத் தேச்ச சீயக்காய் அதுலே கலந்து சேறாச்சு. அது பிராண்டிச்சு. நீங்க இன்னும் ஊத்தினீங்க. சேறு புழுத்துச் சீழாகி, ரெண்டு காதுலயும் உள்சவ்வு கிழிஞ்சு, இடது பக்கம் உள்ளே இருந்த நரம்பு வரைக்கும் போயிடுச்சு. அதான் வாய் கோணினது, அதான் வட்டம் போட்டது.”

அவள் பாலாடையை மேஜை மேல் வைத்தாள். “இப்பத்தான் சேத்தை எடுத்துட்டீங்களே. இனிமே கேக்குமில்லே?” என்றாள்.

“புண் ஆறினதும் பார்க்கலாம்” என்றார். அன்று சாயங்காலம் வரை நான் பேசியது அவருக்கு ஒரு காதில் சரியாக விழவில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

புண் ஆறியது. வட்டம் போடுவது நின்றது. உதட்டுத் தொங்கலும் குறைந்தது. ஒரு காலை வேளை பெரிய டாக்டர் முதலியாரையும் மனைவியையும் வரச் சொன்னார். தரையில் கோணிகளை அடுக்கி, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு நாயைப் படுக்கவைத்தோம், அதிர்வு எட்டாமல் இருக்க. வாசனையைக் காற்று கொண்டுவராதபடி ஜன்னலைச் சாத்தினோம். கைதட்டக் கூடாது, தட்டினால் காற்று படும். மெத்தைக்குப் பின்னால் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அலமேலம்மாளை நிற்கவைத்து, அசையாமல் நின்று, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடச் சொன்னார்.

“டைகரு” என்றாள். வழக்கமான குரல்.

பெரிய டாக்டர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்துச் சுத்தமாக இருந்த மடல்கள் இரண்டும் அப்படியே கிடந்தன. நாய் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

“டேய் டைகரு! இங்க வாடா!” இப்போது அதட்டல்.

பெரிய டாக்டர் போதும் என்று கையை உயர்த்தினார். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது தெரியவில்லை. “கண்ணு... டைகரு கண்ணு... அம்மா வந்துகீறேன் பாரு... சோறு எடுத்தாந்துகீறேன்டா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் கெஞ்சலாக மாறி உடைந்தது. போய் நிறுத்துங்களேன் என்று பெரிய டாக்டரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. உயர்த்திய கையைக் கீழே இறக்காமல் அவரும் அப்படியே நின்றார்.

கடைசியில் அவளே திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் டைகர் மெத்தையிலிருந்து ஒரே தாவலாகத் தாவி அவள் மேல் விழுந்து முகத்தை நக்கியது. அப்போதுதான் வந்தாள் என்று அது நினைத்திருக்கும்.

“பாத்தீங்களா, கேட்டுகிச்சு!” என்றார் முதலியார்.

“சும்மா இருங்க. பாத்துட்டுத்தான் வந்துச்சு” என்றாள் அவள். பிறகு பெரிய டாக்டரிடம், “ஒண்ணும் கேக்கலே, இல்லே சார்?”

“கேக்கலே. இனிமேலும் கேக்காது.”

“என் கையாலயே கெடுத்துட்டேன்.”

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். “ஆமா. தெரியாம கெடுத்தீங்க. இனிமே தெரிஞ்சு பார்த்துக்குங்க” என்றார். “தூங்கும்போது தொடாதீங்க. பின்னாலேருந்து போகாதீங்க. கிட்டே போறதுக்கு முன்னாலே தரையிலே காலால தட்டுங்க. அதிர்வு தெரிஞ்சு திரும்பும். திரும்பினதும் கையைக் காட்டிக் கூப்பிடுங்க, கத்துக்கும். தெருவிலே அவுத்துவிடாதீங்க, வண்டி வர்றது தெரியாது. குளிப்பாட்டினா காதுலே பஞ்சை வச்சு அடைச்சுட்டுக் குளிப்பாட்டி, உடனே பஞ்சை எடுத்துடுங்க. எண்ணெ வேண்டாம்.”

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். முதலியார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் இரண்டு அடி தள்ளி.

“சார், என் ஊசி நின்னுச்சு, உங்க புண்ணியம். ஆனா காவலுக்குன்னு வாங்கின நாய். செவிட்டு நாயை வச்சிகினு நான் இன்னா பண்றது? எவன் வந்தாலும் படுத்துகினு கீறப் போவுது. கடிக்க வேற கடிக்குது. நீங்களே ஒரு ஊசி போட்டு...”

இவ்வளவுக்கும் பிறகு அதே ஊசி. எனக்கு வந்த கோபத்தில் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது. ஆனால் நாய் முதலியாருடையது. கொல்ல நினைத்தால் சட்டப்படி அவரைத் தடுக்க முடியாது. நாங்கள் மறுத்தாலும் அவருடைய செங்கல் சூளையில் ஒரு தடியன் போதும்.

அலமேலம்மாள் தரையில் உட்கார்ந்து நாயை மடியில் கிடத்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“கல்யாணமான நாள்லேந்து உங்க காதுலயும் நான்தான் எண்ணெ ஊத்துறேன்” என்றாள். “நான் கூப்ட்டு நீங்க என்னிக்குத் திரும்பிப் பாத்தீங்க? உங்களை ஊசி போட்டு முடிங்கன்னு நான் யார்கிட்டயாச்சும் போய்ச் சொன்னேனா?”

பெரிய டாக்டர் இத்தனை வருஷம் எங்களிடம் கேட்ட நிசப்தம் அன்றைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது.

முதலியார் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்தார். நாய் அவருக்கு முதுகைக் காட்டி அவள் மடியில் கிடந்தது. அவர் இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

டைகர் திரும்பிப் பார்த்தது.

அவர் கடிபட்ட கையை நீட்டி, வா என்பதுபோல விரலை அசைத்தார். தட்டியது தேவைக்கு அதிகம்தான். அலமாரியிலிருந்து டிங்சர் பாட்டில் ஒன்று விழுந்து உடைந்தது. கண்ணாடித் தூளை நான்தான் கூட்டினேன்.